கேட்டால் ஊர் பெயர் சொல்வார்

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மெட்ரோ தூண் ஒன்றில் 'காணவில்லை' நோட்டீஸ் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படத்திலிருக்கும் முகம் வெயிலில் வெளுத்துவிட்டது. கீழே இருக்கும் வரி மட்டும் தெரிகிறது: 'நல்ல ஞாபகம் உள்ளவர். கேட்டால் ஊர் பெயர் சொல்வார்.' கள்ளிக்குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் நான் தினமும் அங்கேதான் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

அவரை நாங்கள் ஃபோர்மேன் ஐயா என்போம். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் நர்ஸாக இருக்கும் மனநல மருத்துவமனையில், ஆண்கள் வார்டின் ஆறாம் கட்டில் அவருடையது. போர்வையை ஓரம் பிசகாமல் மடித்து வைப்பார். பேச்சும் சாப்பாடும் குறைந்து, கடைசியில் ஒருநாள் சொந்த வீட்டு வாசலிலேயே விருந்தாளி போல நின்றாராம். அதற்குப் பிறகுதான் அழைத்து வந்தார்கள். மனச்சோர்வா, மறதி நோயா என்பதுதான் டாக்டரின் கேள்வி. சோர்வு என்றால் மருந்துக்குத் தெளியும். மறதி நோய் என்றால் அவரைத் தனியே வெளியே விடவே கூடாது. தினமும் காலையில் கேட்டு எழுதும்படி டாக்டர் என்னிடம் ஒப்படைத்தார்.

கேட்டேன். இன்று என்ன கிழமை, என்ன தேதி, இது எந்த இடம், காலையில் என்ன டிபன். முதல் கட்டிலில் தொடங்கி ஆறாவதில் முடிப்பேன். பத்தே நிமிடம்தான், அந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. முதல் வாரம் வாயே திறக்காத ஐயா, இரண்டாம் வாரம் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். தலையை இடப்பக்கம் சாய்த்து, நிதானமாகச் சொல்வார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமையைப் புதன் என்றார். எனக்கே சில நாள் கிழமை மறந்துபோகிறது என்று சிரித்துவிட்டு, பதிலை எழுதி அதற்கும் டிக் அடித்தேன். என் தாளைப் பார்த்த டாக்டர், மனச்சோர்வுதான், தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினார். இனி தனியாகக் கடைக்குப் போகலாமா என்று மனைவி கேட்டதற்கு, தாராளமாக என்றார்.

நசரத்பேட்டை வீட்டிலிருந்து நான்காம் நாள் பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை.

ஒரு வாரம் தேடிவிட்டு அவர் மனைவி வார்டுக்கு வந்தார். நோட்டீஸ் அடிக்கக் கொடுக்க வேண்டுமாம். "இன்னா சீக்குன்னு போடறது சிஸ்டர்? பைத்தியம்னு போட்டா கிட்டவே வர மாட்டாங்களே," என்றார். தாளை எடுத்துப் பார்த்தேன். வரிசையாக என் டிக். நோய் எதுவும் போட வேண்டாம் அம்மா, நல்ல ஞாபகம், கேட்டால் ஊர் பெயர் சொல்வார் என்று போடுங்கள் என்றேன். அதைக் கேட்டு அவர் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது.

அடுத்த மாதம் ஆறாம் கட்டிலுக்கு ஐடி வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். ஒரு திங்கட்கிழமை, ஐந்தாம் கட்டில்காரர் ஞாயிறு என்றார். இவரும் ஞாயிறு என்றார். நான் தயங்கியதைப் பார்த்து, "எனக்கு எங்க மேடம் கிழமை தெரியும்? அவர் சொன்னதையே சொன்னேன்," என்று சிரித்தார். பழைய தாள்களை எடுத்தேன். ஐயா புதன் என்ற அந்தச் செவ்வாய்க்கிழமை, அவருக்கு இடப்பக்கம் ஐந்தாம் கட்டிலில் இருந்தவரும் புதன் என்றுதான் சொல்லியிருந்தார். ஐயா யோசிக்கவில்லை, பக்கத்துக் கட்டிலுக்குக் காது கொடுத்திருக்கிறார். அவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். கேட்கத் தெரியாதவள் நான். அவருடைய ஊர் எது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

டாக்டரிடம் சொன்னேன். அந்தம்மாவுக்கு போன் செய்து, ஞாபகம் இல்லாதவர் என்று மாற்றிப் போடச் சொன்னேன். "நீதானேம்மா நல்லா கீறாருன்னு சொன்ன," என்றார். பிறகு, "எல்லாத் தூண்லயும் ஒட்டிட்டேன். அத்த கிழிச்சிட்டு இன்னான்னு ஒட்டறது?" என்றார்.

இப்போது ஒவ்வொருவரையும் என் மேசைக்குத் தனியாக அழைத்துக் கேட்கிறேன். அதனால் ஐயா திரும்பி வந்துவிடப் போவதில்லை. இரண்டு வருடமாகிவிட்டது. இன்று காலையும் அந்தத் தூணருகே நின்றேன். எங்கோ ஒரு டீக்கடை ஓரம், யாரோ ஒரு நல்ல மனிதர் இந்த நோட்டீஸை நினைவில் வைத்து, எந்த ஊர் பெரியவரே என்று அவரிடம் கேட்டிருப்பார். ஐயா தலையை இடப்பக்கம் சாய்த்துக் காத்திருப்பார். அங்கே சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தேடுகிற ஆள் இவரில்லை என்று அந்த மனிதர் போயிருப்பார்.