ஜெசிந்தா ‘சேர்க்கலாம்’ என்று சொன்ன மாற்றம்

ஜெசிந்தா இறந்துவிட்டார். நேற்று, ஒஸ்லோவில்.

காலையில் தவம் அண்ணைதான் போன் எடுத்தார். “ஜெசிந்தா மோசம் போயிட்டாவாம்” என்றார்.

இதை வாசிக்கிற பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன கொம்பியூட்டர் பிரிவில் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்தோம். குருநகர்க்காரி. சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது, பிழை கண்டால் விடத் தெரியாது.

எங்களிடம் படிப்பிப்பதற்கென்று ஒரு குட்டி இயங்குதளம் இருந்தது, முழு source code-ஓடு. அதன் கேர்னலுக்குள், நடு மையத்துக்குள், கை வைப்பதுதான் எங்கள் பொழுதுபோக்கு. யார் எதை மாற்றினாலும் மற்றவர் வாசித்து ‘சேர்க்கலாம்’ என்று சொல்லவேண்டும். அது ஜெசிந்தா போட்ட சட்டம்.

தவம் அண்ணை மருதனார்மடத்துக்காரர். கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்று கீரிமலையிலிருந்து ஊர் ஊராக அளந்துகொண்டு வந்து எங்கள் மெஷினில் தட்டுவார். அவருடைய பட்டம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

தட்டி முடிப்பார்... கரண்ட் போகும். வந்து பார்த்தால் பின்னேரம் முழுக்கத் தட்டியது காணாமல் போயிருக்கும்.

காரணம் எங்களுக்குத் தெரியும். ‘இதை எழுது’ என்று ஒரு புரோகிராம் write மூலம் கேட்டால் கேர்னல் அதை மெமரியில் வைத்துக்கொண்டே ‘எழுதியாச்சு’ என்று சொல்லிவிடும். டிஸ்க்குக்குப் போவது ஆறுதலாக, மெதுவாகத்தான். எங்கள் ஊர்க் கரண்டுக்கு அந்த ஆறுதல் சரிவராது.

நான் ஒரு மாற்றம் எழுதினேன். டிஸ்க்கில் விழுந்த பிறகுதான் write திரும்பி வரும். பெரிய சாதனை என்று நினைத்து நீட்டினேன்.

ஜெசிந்தா பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“write-ஐத் தொடாதையும். அதை நம்பி எத்தினை புரோகிராம் ஓடுது. தவம் அண்ணைக்காக எல்லாரும் ஆமை மாதிரி ஊரோணுமே?”

“அப்ப அவர் என்ன செய்யிறது?”

“புதுசா ஒரு கட்டளை, ஒரு call, வையும். ஆருக்கு அவசரமோ அவை அதைக் கூப்பிடட்டும்.”

கோபம் வந்தது. ஆனாலும் எழுதினேன். திரும்பவும் கோடு... என் புது call வேலையை முடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தது. அதுதான் குற்றம்.

“டிஸ்க் பழுதெண்டா என்ன செய்யும்? ஓம் எண்டோ இல்லை எண்டோ வாய் திறந்து சொல்லோணும். ஓம் எண்டு சொன்னா அது ஓமா இருக்கோணும்.”

மூன்றாவது தரம் வாசித்துவிட்டு, “இப்ப எழுத்திலை சரி. கரண்ட் போய் வந்தாப் பிறகுதான் சேர்க்கலாம்” என்றார். அதுவரை தவம் அண்ணையின் தட்டலுக்கு மட்டும் சோதனையாக ஓடவிட்டோம்; ஒவ்வொரு ஊரும் டிஸ்க்கில் விழுந்ததும் திரை ‘ஓம்’ என்று காட்டும்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம் என்றேன். விடவில்லை. இருப்பது ஒரே ஒரு டிஸ்க், அடிபட்டால் மாற்ற வேறு இல்லை. கரண்ட் தானாகப் போனாலும் டிஸ்க்குக்கு அதே அடிதானே என்று கேட்டேன். “அது எங்கடை கையிலை இல்லை” என்றார். அதற்கு மேல் அவரோடு வாதாட முடியாது.

அந்தக் கிழமை ஏழு நாளும் பார்த்துக் கரண்ட் போகவேயில்லை! யாழ்ப்பாணம் முழுக்கச் சந்தோஷம், எங்கள் அறையில் மட்டும் மூன்று பேர் சோகமாக இருந்தோம். தவம் அண்ணை ஊர்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்தார், கரண்ட் போகவேண்டும் என்று.

போனது. அவர் மல்லாகத்துக் கிணற்றைத் தட்டி, திரை ‘ஓம்’ என்று சொல்லி, சுன்னாகத்தைத் தொடங்கிய கையோடு போனது.

தொண்ணூறாம் ஆண்டு. பிறகு வரவேயில்லை.

“அண்ணை, எத்தினை தேங்காய் சொன்னனீங்கள்?” என்று ஜெசிந்தா கேட்டார். அப்போது நாங்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு சண்டை. தவம் அண்ணையின் வீட்டில் குண்டு விழுந்தது. ஆட்கள் தப்பினார்கள், அவர் குறித்து வைத்த தாள்கள் எரிந்தன. கீரிமலைப் பக்கம் இராணுவத்திடம் போய்விட்டது, இனி யாரும் போகமுடியாது. அளவுகள் இருந்தால் அந்த டிஸ்க்கில்தான் இருக்கவேண்டும்.

அடுத்த வருடம் குருநகரில் ஒரு கோயில் பெருநாள். லைட்டுக்கு ஜெனரேட்டர் பிடித்திருந்தார்கள். அதற்குப் பொறுப்பு ஜெசிந்தாவின் மாமா. பூசைக்கு முன் அரை மணித்தியாலம் தரச் சொல்லி ஜெசிந்தா அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மெஷினை என் சைக்கிளிலும் திரையைத் தவம் அண்ணையின் சைக்கிளிலும் கட்டிக்கொண்டு போனோம். சாக்கால் சுற்றியிருந்ததைப் பார்த்து, அரிசியோ என்று வழியில் இரண்டு பேர் கேட்டார்கள்.

ஜெனரேட்டர் ஓடியது. டிஸ்க் கிறீச்சிட்டுத் திறந்தது. கீரிமலை இருந்தது. மாவிட்டபுரம் இருந்தது. மல்லாகமும் இருந்தது. சுன்னாகம் இல்லை.

தவம் அண்ணை அழுதார். “சுன்னாகம் கிட்டத்தானே, நாளைக்குச் சைக்கிளிலை போய் எடுக்கிறன்” என்று அழுதுகொண்டே சொன்னார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் திரையைப் பார்த்துப் பார்த்துத் தாளில் எழுதத் தொடங்கினோம்.

ஜெசிந்தா எழுதவில்லை. அவர் கடைசி வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘ஓம்’ என்று சொன்னது எல்லாம் இருக்கிறது, சொல்லாதது இல்லை.

“சரி. சேர்க்கலாம்” என்றார்.

உடனே சேர்த்திருக்கலாம், மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மிச்சக் கிணறுகளை எழுதி முடிக்கவே நேரம் போதவில்லை. மாமா வந்து வயரைக் கழற்றிக்கொண்டு போனார். அந்த மெஷின் பிறகு ஓடவேயில்லை. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது அதுவும் போயிற்று.

தவம் அண்ணைக்குப் பட்டம் கிடைத்தது. ஜெசிந்தா ‘சேர்க்கலாம்’ என்று சொன்ன மாற்றம் எங்கேயும் சேரவில்லை.

போயிட்டு வாரும், ஜெசிந்தா. நீர் ஓம் எண்டு சொன்னது ஓமாத்தான் இருந்தது.