உள்ளே தண்ணி இருக்கிறது

அறுபதுகளின் பிற்பகுதியில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் குளிர்சாதனங்களைப் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே பணிமேடைமீது கருகிய கம்ப்ரசர் ஒன்று வந்து அமர்ந்தது. ஆவடியில் ஒரு கொட்டகை போட்டு ஐஸ்கிரீம் தயாரித்துவந்த ரெஜினா அம்மாளுடையது அது. ஓராண்டுக்குள் அங்கே கம்ப்ரசர் எரிவது அது மூன்றாம் முறை. அன்று வியாழக்கிழமை. ஞாயிறன்று பூந்தமல்லியில் நடக்கவிருந்த திருமண வரவேற்புக்கு எண்ணூறு கோப்பை தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். "இந்த ஆர்டரும் போச்சுன்னா கடைய மூடிட்டு தையல் மெஷின் வாங்கி உக்காந்துடறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

கம்ப்ரசரைக் கழற்றிக் கொண்டுவந்தவர் துரைக்கண்ணு. என்னைவிட நான்கு வயது மூத்த மெக்கானிக். ஓசையைக் கேட்டே எந்திரத்தின் நோயைச் சொல்லும் செவி அவருக்கு வாய்த்திருந்தது. மூடியைத் திறந்ததும் உள்ளிருந்த எஃகு ஷாஃப்ட் செம்பு நிறத்தில் பளபளத்தது.

"பாரு சார், முலாம் பூசினா மாதிரி இன்னாமா மின்னுது! இதப் போயி கெட்டுப்போச்சுன்றாங்க."

அந்த மினுமினுப்பே நோயின் அடையாளம். இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர் இதை அறிந்துகொள்ள வேண்டும். குளிரூட்டுவதற்காகக் குழாய்களில் நிரப்பும், ஆர்-12 என்று நாங்கள் வழங்கிய வாயு தன்னளவில் மிகவும் சாதுவானது. தீப்பற்றாது, எளிதில் எதனோடும் வினைபுரியாது. ஆனால் குழாய்க்குள் ஈரம் புகுந்துவிட்டால், கம்ப்ரசரின் சூட்டில் அது சிறிது சிறிதாக உடைந்து அமிலமாகும். அந்த அமிலம் செப்புக் குழாயின் உட்புறத்தை அரித்துச் செம்பைச் சுமந்துவந்து எஃகின்மேல் பூசும். மோட்டார்ச் சுருளின் வார்னிஷையும் தின்னும். பிறகு ஒருநாள் சுருள் எரியும். அடியில் தேங்கியிருந்த எண்ணெய் மைபோல் கறுத்து, மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருந்தது. அத்தகைய எண்ணெயை வெறுங்கையால் தொடுவதும் தவறு.

"உள்ள ஈரம் இருக்கு, துரைக்கண்ணு. அதான் மூணு தடவையும் எரிஞ்சிருக்கு. நாளைக்கு நானே வந்து பாக்கறேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"ஈரம்னா தண்ணிதானே சார்? சொல்லிட்றேன்" என்று கிளம்பினார்.

சொல்லவும் சொன்னார். அவர் சொன்ன சொற்கள் இவை: "உள்ள தண்ணி கீதும்மா. அதான் மூணு வாட்டியும் எரிஞ்சிபோச்சு. நாளிக்கு சார் வந்து பாப்பாரு."

மதுவிலக்கு நடப்பிலிருந்த காலம் அது. ஒருவர் குரலைத் தாழ்த்தி 'உள்ளே தண்ணி இருக்கிறது' என்றால், எங்கள் பக்கத்தில் எவரும் குடிநீரை நினைக்கமாட்டார். ரெஜினா அம்மாளும் நினைக்கவில்லை. தம் பணியாளர் இருவரையும் வரிசையாக நிறுத்தி வாயை ஊதச் சொன்னார். அவர்களிடமிருந்து பாலின் மணமும் ஏலக்காயின் மணமுமே வந்தன. பின்னர் எந்திர அறையைத் தாமே துழாவி, கண்டென்சருக்குப் பின்னால் ஒரு சீசாவைக் கண்டெடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் போனபோது, செய்தித்தாளில் சுற்றிய சீசாவுடன் அவர் வாசலிலேயே நின்றார்.

"தினம் ஜெபம் பண்ணிட்டு அடுப்பு மூட்டற எடம் சார் இது. இங்க வந்து தண்ணிய ஒளிச்சு வச்சிருக்கானுங்க! குடிச்சிட்டு ஓட்டினா மெஷின் எரியாம என்ன பண்ணும்?"

மூடியைத் திறந்து முகர்ந்தேன். மெத்தில் ஸ்பிரிட்! குடித்தால் கண்ணும் போகும், உயிரும் போகும்.

"யாராவது குடிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"அய்யய்ய, அது குடிக்கிறது இல்ல சார், வெசம்!" என்று துரைக்கண்ணு குறுக்கிட்டார். "நான் வச்சதுதான். மிஷினுக்கு ஊத்தறது."

ரெஜினா அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மெஷினுக்கா? அதுவும் குடிக்குதா?"

"ஒரே ஒரு மூடிதாம்மா."

செய்தி விளங்கிவிட்டது. குழாய்க்குள் இருக்கும் ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையில் பனியாக உறைந்து வழியை அடைக்கும். ஒரு மூடி ஸ்பிரிட் ஊற்றினால் பனி இளகும், எந்திரம் உடனே ஓடும், உரிமையாளரும் மகிழ்வார். ஆனால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஊற்றிய ஸ்பிரிட்டும் அதனோடு கூடி வாயுவையும் சுருளையும் கெடுக்கும். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது துரைக்கண்ணுவின் கண்கள் கலங்கின.

"அப்போ மூணையும் நான்தான் கொளுத்திக்கீறேனா சார்?"

கடுஞ்சொற்களை நான் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவற்றுள் முதலாவது வெளிவருமுன் ரெஜினா அம்மாள் முந்திக்கொண்டார்.

"நீ ஏம்ப்பா அழற? நீ ஊத்திக் குடுத்த, அது வாங்கிக் குடிச்சுது. தப்பு ரெண்டு பேர் மேலயும்தான்!"

சொல்லிவிட்டுத் தாமே சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் துரைக்கண்ணுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

குழாய்களுக்குள் நைட்ரஜனைச் செலுத்திக் கசடை வெளியேற்றினோம். ஈரத்தை உறிஞ்சும் புதிய டிரையரும் மாற்றுக் கம்ப்ரசரும் பொருத்தினோம். பின்னர் வேக்குவம் பம்பை இணைத்தோம். அந்நாளில் பலர் கம்ப்ரசரைக் கொண்டே சிறிது நேரம் காற்றை இழுத்துவிட்டு வாயுவை நிரப்பிவிடுவர். அது போதாது. ஆழ்ந்த வெற்றிடத்தில்தான் ஈரம் அறைச்சூட்டிலேயே கொதித்து ஆவியாக வெளியேறும். அதற்கு மணிக்கணக்கில் பொறுமை வேண்டும்.

நண்பகலில் ரெஜினா அம்மாள் எட்டிப்பார்த்தார். "பால் காய்ச்சி ஆறிப்போச்சு. காலைலேந்து இந்தப் பம்பு ஓடுது, ஒரு பொட்டு குளிரக் காணோமே சார்?"

"தெளிய வச்சிகினு கீறோம்மா" என்றார் துரைக்கண்ணு. "நடுவுல எயுப்பினா மறுபடியும் தள்ளாடும்."

மாலை ஐந்து மணிக்கு வால்வை மூடிக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம், அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் அசையவில்லை. கசிவும் இல்லை, ஈரமும் இல்லை. வாயுவை ஏற்றினோம். குழாய்மேல் வெண்பனி படர்ந்தபோது ரெஜினா அம்மாள் அதை விரலால் தொட்டுத் தம் கன்னத்தில் தடவிக்கொண்டார். சனிக்கிழமை முழுதும் எந்திரம் ஓடியது. ஞாயிறு மாலை எண்ணூறு கோப்பைகளும் கல்போல் இறுகி வண்டியேறின.

எந்திரம் ஓடத் தொடங்கிய அந்த வெள்ளிக்கிழமை மாலையே, கருவிகளைப் பெட்டியில் அடுக்கியபோது துரைக்கண்ணு என் அருகில் வந்து நின்றார்.

"சார், இன்னும் நாலு எடத்துல ஊத்திக்கீறேன்."

"எங்கெங்க?"

விரல்விட்டு எண்ணினார். மாங்காட்டில் ஒரு சோடா கடை, பருத்திப்பட்டில் ஒரு பால் கடை, அம்பத்தூரில் இரண்டு உணவகங்கள். அவராகச் சொல்லியிராவிட்டால் அந்த நான்கையும் எவரும் அறிந்திருக்கமாட்டார்கள். அன்று காலை என் கடுஞ்சொற்கள் வெளிவந்திருந்தால் அவர் வாயும் திறந்திருக்காது. வாயுவைக் காக்க ஈரத்தைப் போக்க வேண்டும் என்பதை நூல்களில் படித்திருந்தேன். உள்ளே ஊற்றப்பட்டது எது என்பதை, ஊற்றியவர் அஞ்சாமல் சொல்லும் இடமாகப் பணிமனை இருக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் நான்கு இடங்களுக்கும் போனோம். மூன்றில் எண்ணெய் கறுக்கத் தொடங்கியிருந்தது, ஆனால் சுருள் பிழைத்திருந்தது. நான்காவது, பருத்திப்பட்டுப் பால் கடை. வடிகுழாயைத் திறந்ததும் எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இறங்கியது.

"பொயச்சிக்கினான் சார்!" என்று துரைக்கண்ணு கூவியதில், பால் வாங்க வரிசையில் நின்றவர்கள் அனைவரும் தம் வீட்டுப் பிள்ளைக்கு நோய் தீர்ந்ததுபோல் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர்.