லோஹேகாவ்காரரின் பதினாறு கிலோபைட்

ஐம்பத்து மூன்று வயதில், நல்ல நினைவோடு, விநாயகர் சந்நிதியில் நின்று, இன்னொருவருடைய கணினி கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான். அந்தக் கணினிக்கே நாற்பது வயது. அதன் சொந்த நினைவகம் ஒரு கிலோபைட். கைப்பேசியில் வரும் காலை வணக்கப் படத்தின் ஒரு ரோஜா இதழ்கூட அதில் அடங்காது.

என்னிடமும் அதே கணினி இருந்தது. விஷ்ராந்த்வாடியில் நான், லோஹேகாவில் அவர். விமானப்படையில் ரேடார் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற திருநெல்வேலிக்காரர். எனக்குத் தெரிந்து புனேயில் இந்தப் பைத்தியம் பிடித்த தமிழர்கள் நாங்கள் இருவர்தான். அதில் யார் முதல் என்ற போட்டி வெகுநாளாக நடந்துவந்தது. நடப்பது அவருக்குத் தெரியாது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

நவராத்திரியின்போது அவர் கூடுதல் நினைவகப் பெட்டி ஒன்றை வரவழைத்தார். கணினியின் முதுகில் துருத்தி நிற்கும் செம்புப் பட்டைகளில் அதைச் செருகினால் ஒன்று பதினாறாகிவிடும். செருகினார், ஆகிவிட்டது. என் கையிலிருந்த டீகூட ஆறவில்லை. "பிரமாதம்" என்றேன். அந்தச் சொல்லை அவ்வளவு சிரமப்பட்டு நான் வேறெப்போதும் சொன்னதில்லை. அன்று மாலையே அதே பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, மனைவியோடு கோயிலுக்குப் போனேன். வேண்டுதல் அப்போது நடந்ததுதான்.

மறுநாள் ஆயுத பூஜை. மிக்ஸி, ஸ்கூட்டர், கணினி என்று எதையும் விடாமல் பொட்டு வைத்தேன்.

சில நாளில் என் பெட்டி வந்தது. செருகினேன். திரையில் ஒன்று. பிடுங்கிச் செருகினேன். மறுபடி ஒன்று. மின்சாரம் போதவில்லை என்று தீர்மானித்துப் புது அடாப்டர் வாங்கினேன். ஒன்று. என் போர்டு பழைய பதிப்பு, பெட்டிக்கும் அதற்கும் ஒத்துவராது என்று இரண்டு வாரம் நம்பினேன். கடைசியில் பெட்டியே பழுது என்று முடிவுகட்டி லோஹேகாவுக்கு எடுத்துப்போனேன். அவர் கணினியில் அது முதல் தடவையே பதினாறு காட்டியது. என் பெட்டி, என் வீட்டில் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் வீட்டில் போய்ச் சிரிக்கிறது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு வே. ஒம்ம மெஷினப் பாப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூதக்கண்ணாடியோடு வந்து, கணினியைத் திருப்பிவைத்துக் குனிந்தார்.

"இது என்ன வே, மஞ்சளாக் காஞ்சு கெடக்கு?"

பார்த்தேன். விசைகள் பிசுபிசுக்குமே என்று, என் சாமர்த்தியத்தில், பொட்டை முதுகுப்பக்கம் வைத்திருந்தேன். சரியாகச் செம்புப் பட்டைகளின் மேல்.

"சந்தனமுங்க. பூஜைக்கு வெச்சது."

"குங்குமமும்லா இருக்கு. ரேடாருக்கு நாங்களும் பொட்டு வச்சிருக்கோம் வே. மூடி மேல வைப்போம். கனெக்டருக்கு வைக்க மாட்டோம்."

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். பெட்டியைச் செருகினார். பதினாறு. என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். அதையும் என்னால் தாங்க முடியவில்லை.

அவரை வழியனுப்பிவிட்டு வந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ டம்ளர்களை எடுக்க வந்த மனைவி சொன்னாள்:

"ஏனுங்க, அன்னைக்குக் கோயில்ல நீங்க முணுமுணுத்தது எனக்குக் கேட்டுச்சு. கம்ப்யூட்டரு கெட்டுப்போகோணும்னுதான் கேட்டீங்க. யாரோடதுன்னு சொல்லவே இல்லீங்களே."