குழாய்க்கு முன்னால் வைத்த கால்

என் சித்தப்பா சொன்னது உண்மை. ஊரார் முன் அதைப் பொய்யாக்கியவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

அம்மாவின் தங்கையைக் கட்டியவர் அவர். கால்வாய் ராஜாக்கமங்கலம் பக்கம் முடிகிற கடைமடையில் அவருடைய வயல். எங்கள் வயல் மேலே இருந்தது. அந்த ஆண்டு மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல் கதிர் பொதியாகும் நேரத்தில் அவருக்குத் தண்ணீர் வரவில்லை. எங்கள் மடையில் அளவுக்கு மீறிப் பாய்கிறது என்று அதிகாரிகளுக்கு எழுதிப் போட்டார். அளந்து பார்க்க ஓவர்சியர் வந்தார்.

அவர் கொண்டுவந்த பலகையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்று நேரானது. மற்றது அடியில் வளைந்து, ஓட்டத்துக்கு எதிரே வாயைக் காட்டி நிற்கும். நேர்க்குழாயில் தண்ணீர் வாய்க்கால் மட்டத்திலேயே நிற்கும். வளைந்த குழாயில் ஓட்டம் தள்ளுவதால் அதற்கு மேலே ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடுவார்கள். பலகையைப் பிடிக்க நான் இறங்கினேன்.

"எலே, கொழாய்க்குப் பொறத்த நில்லு. முன்னால கால வச்சா ஓட்டம் கால்ல முட்டிரும். கணக்கு தப்பிப்போவும்," என்றார் ஓவர்சியர்.

வழியை அவரே சொல்லித் தந்துவிட்டார். "கொழாய்ல ஏறிச்சுன்னா நம்ம மடையக் குறுக்கிருவானுவ" என்று காலையில் அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதிலேயே இருந்தது. தண்ணீர் செம்மண் கலங்கல். ஓவர்சியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிவதற்குள், குழாயின் வாய்க்கு முன்னால் இடது காலை நகர்த்தி வைத்தேன். நாலு விரல் ஏறியிருந்த தண்ணீர் ஒரு விரலுக்கு இறங்கியது. மூன்று முறை பார்த்தார். மூன்று முறையும் கால் அங்கேயே இருந்தது.

"இன்னொருக்க அளந்து பாருங்க சார்," என்றார் சித்தப்பா.

அப்பா சிரித்தார். "பாத்தியா சகலை? கண்ணாடிக் கொழாய்க்கு உனக்க மேல பகை ஒண்ணும் இல்லல்லா."

கரையில் நின்றவர்களும் சிரித்தார்கள். சொந்த சகலையைக் கள்ளனாக்க வந்தவன் என்று பேரானது. சித்தப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனார். அவர் பயிர் மணி பிடிக்காமல் சாவியாயிற்று. எங்கள் வீட்டு வாசலை அவர் மறுபடி மிதிக்கவில்லை. என் கல்யாணத்துக்கும் வரவில்லை.

பிற்காலத்தில் கல்லூரியில் அதே குழாயைப் பற்றிப் பாடம் நடத்தினேன். விமானத்தின் வேகத்தை அளக்கக் காற்றை எதிர்த்து நிற்பதும் அதுதான், அதன் வாய் அடைத்துக்கொண்டால் விமானி ஏமாந்துபோவான் என்று மாணவர்களிடம் சொல்வேன். என் காலைப் பற்றிச் சொன்னதில்லை.

சித்தப்பா இறந்த பிறகுதான் துணிச்சல் வந்தது. போன ஆண்டு சித்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கை நின்றது.

"இத எதுக்கு மக்கா இப்பம் சொல்லுத?" என்றாள். கீரையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "அண்ணைக்கு ராத்திரி அவரு, 'ஏட்டி, நீயாவது நம்புதியா'ன்னு எங்கிட்ட கேட்டாரு. கொழாயா பொய் சொல்லும், சும்ம கெடயும்னு சொல்லிட்டேன்," என்றாள்.

பயிர் காய்ந்ததோடும் ஊர் சிரித்ததோடும் முடிந்தது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். சொந்த வீட்டுக்குள்ளும் அவர் பேச்சு எடுபடாமல் போனது எனக்குத் தெரியாது.

அவர் படம் மாட்டியிருக்கும் அறையில் சித்தி இப்போது படுப்பதில்லை என்று அவள் மகள் சொல்கிறாள்.