ஏழெட்டில் உடைந்த குரல்

வீரபாண்டியில் வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் போட்டு பனியன் தைக்கிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் நிலா பின்னால் நின்று வாய்பாடு சொல்வாள், தைத்துக்கொண்டே கேட்பேன். கைகட்டி நிற்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் மறுபடியும் முதலிலிருந்து என்பது நான் போட்ட சட்டம்.

அன்று எட்டாம் வாய்பாடு. தவழுகிற தம்பி அவள் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தான். திடீரென்று நிலாவின் குரல் உயர்ந்தது, வேகமும் கூடியது. மிஷின் சத்தத்தையே மீறிச் சொல்கிறாளே என்று எனக்குப் பெருமை வேறு! “ஏழெட்டு அம்பத்தாறு” என்றபோது குரல் உடைந்து அழுகையானது.

திரும்பினேன். தம்பியின் கையில் நூல் வெட்டும் ட்ரிம்மர்; அதன் கூர்முனை அவன் உதட்டருகே இருந்தது. பாய்ந்து பிடுங்கினேன். நல்லவேளை, ஒரு கீறல்கூட இல்லை.

“ஏங்கண்ணு, என்னையக் கூப்பிடறதுக்கென்ன?”

“நிறுத்துனா மொதல்ல இருந்து சொல்லோணும்னீங்களேம்மா. அதான் வேகமா முடிச்சுப்போட்டு கூப்பிடலாம்னு...”

இப்போதெல்லாம் ட்ரிம்மர் எட்டாத ஆணியில் தொங்குகிறது. வாய்பாட்டை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்கிறேன். நிலா எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். “அம்மா” என்று அவள் குரல் கேட்டால், முதலில் நிற்பது என் மிஷின்தான்.