சீட்டில் ஜெயித்த ஜனாதிபதி

கம்பவுண்டர் சார் நாளிதழை நீளவாக்கில் நாலாக மடித்து இடது கையில் பிடித்துக்கொள்வார். வலது கை சும்மா இருக்காது. வெள்ளம் என்று படித்தால் அலை மாதிரி ஆடும், மந்திரி என்று படித்தால் இடுப்பில் ஏறிக்கொள்ளும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்துபோய் அங்கே நூல் சுற்றியிருப்பார். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்து தொண்டையைச் செருமினால், வலை பின்னிக்கொண்டிருப்பவர்களும் கையை நிறுத்திவிட்டு வருவார்கள். ஊரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்தான். ஆனாலும் அவர் வாயால் வந்தால்தான் அது செய்தி.

அறுபதாம் வருஷம் அது. உச்சிப்புளி ஸ்டேஷனில் இறங்கி மணலில் நாலு மைல் நடந்தால் வருகிற மீனவக் கிராமம். அங்கே இருந்த சின்ன அரசு மருந்தகத்தில் நான் மிட்வைஃப். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், மற்ற நாளெல்லாம் கம்பவுண்டர் சாரும் நானும்தான். எனக்கு இருபத்திரண்டு வயது. கடலாடிப் பக்கத்து மிளகாய் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கடலையே பயத்தோடு பார்த்தவள். நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசவம் பார்க்கும்போது மட்டும் கை நடுங்காது, மற்ற எல்லாவற்றுக்கும் நடுங்கும்.

ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. இரண்டும் ஒரே மாதா கோயிலில் பூசை காண்கிற, ஒன்றுக்குள் ஒன்று பெண் கொடுத்து எடுத்த வேதக்கார ஜனங்கள். மேலத்தெருக்காரர்கள் கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்காரர்கள். கீழத்தெருவில் வத்தை என்கிற சின்னப் படகுகள் அதிகம். அதுவரை தென்னைக்கு உரமாகப் போட்டுக்கொண்டிருந்த இறாலை வாங்க, அந்த வருஷம்தான் ஐஸ் பெட்டிகளோடு ஒரு ஏஜெண்ட் வர ஆரம்பித்தார். அமெரிக்காக்காரன் தின்கிறான் என்றார். கீழத்தெருவில் ஓட்டு வீடுகள் முளைத்தன. மேலத்தெருவில் வயிறு எரிந்தது. அவர்களுக்கும் அமெரிக்கா இல்லாமல் இல்லை. கோயில் மூலமாக வருகிற பால் பவுடரில்தான் அங்கே பாதிப் பிள்ளைகள் வளர்ந்தன.

அதனால் அமெரிக்காவில் தேர்தல் என்று சார் படித்ததும் ஊரே காதைத் தீட்டிக்கொண்டது. போட்டியில் நின்ற இருவரில் இளைஞர் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்று ஏஜெண்ட் கீழத்தெருவில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போதாததற்கு அந்த இளைஞர் நம்ம வேதம் என்று சார் படித்தார். கீழத்தெரு அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. மேலத்தெருவும் அவரைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் கீழத்தெரு முந்திக்கொண்டதே. "வேதம் வேற, பால் பவுடர் வேற. நமக்குப் பவுடர் தந்த கட்சிதான் நம்ம கட்சி" என்றார் மேலத்தெருப் பெரியவர். எதிர்வீட்டுக்காரனுக்குப் பிடித்த சாமி என்றால் கும்பிடக்கூட யோசிக்கிற ஜாதி நாம்.

அப்போதுதான் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், நம் நாட்டில் யாரும் கேட்கக்கூடிய கேள்வி: "அங்கன என்ன சின்னம் கம்பவுண்டரய்யா?"

சார் உற்சாகமாகக் கையை வீசிச் சொன்னார். பவுடர் தந்த கட்சிக்கு யானை, இளைஞர் கட்சிக்குக் கழுதை.

மருந்தகத்துக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒரு வேலிதான். மேலத்தெரு சிரித்த சிரிப்பு எனக்கு உள்ளே கேட்டது. அன்றிலிருந்து கீழத்தெரு ஆள் எதிரே வந்தால் மேலத்தெருப் பையன்கள் கழுதை மாதிரி கத்திக் காட்டினார்கள். முதலில் நானும் சிரித்தேன். ஒரு வாரம் கழித்து, கீழத்தெருத் தலைவரின் வத்தையில் விடியற்காலை ஒரு கழுதை கட்டியிருந்தது. அதன் தலையில் அவருடைய சரிகைத் துண்டால் முண்டாசு கட்டியிருந்தார்கள். சலவைக்குப் போட்ட துண்டு எப்படியோ அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. மூன்றாம் நாள், கரையில் காயப்போட்டிருந்த மேலத்தெரு வலை பத்துப் பன்னிரண்டு இடத்தில் அறுபட்டுக் கிடந்தது. கடற்கரையில் அடிதடி உண்டு, ஆனால் வலையை அறுக்கிற வழக்கம் இல்லை. அதைப் பார்த்த பெண்கள் எழவு விழுந்த மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. பொதுக் கிணற்றில் இரண்டு தெருப் பெண்களும் ஒன்றாக வருவது நின்றது. கீழத்தெருவில் பிரசவம் பார்த்துவிட்டு மேலத்தெரு வழியாகத் திரும்பினால், நேற்றுவரை "வாங்க நர்சம்மா" என்றவர்கள் என் பையை உற்றுப் பார்த்தார்கள். ஒருநாள் கீழத்தெரு ஆள் ஒருவர் துடுப்படியில் மண்டை பிளந்து வந்தார். தையல் போட்டு முடிப்பதற்குள் மேலத்தெருவிலிருந்து கை வெட்டுப்பட்டு இன்னொருவர். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்க முடியாமல் ஒருவரை வேப்பமரத்தடிக்கு அனுப்பினோம். சார் ஊசியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சிஸ்டர், இந்த மண்டைய உடைச்சது நான்தான். எனக்கு அந்தச் சின்னத்தச் சொல்லாம இருக்க ஏலலயே." அவர் குரலில் டீக்கடைக் குரல் இல்லை. அவரும் பயந்திருக்கிறார் என்று தெரிந்ததும் என் பயம் இரட்டிப்பானது.

தேர்தல் முடிவு வந்த பேப்பர் மதியம் எங்கள் கைக்கு வந்தது. கொஞ்ச வித்தியாசத்தில் இளைஞர் ஜெயித்திருந்தார். கீழத்தெரு ஏற்கெனவே மேளத்துக்குச் சொல்லிவிட்டது. ஒரு கழுதையைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, மேலத்தெரு நடுவே ஊர்வலம் விடுவது என்று ஏற்பாடு. மேலத்தெருவில் காலையிலிருந்து அரிவாள் தீட்டுகிற சத்தம். முடிவைப் படிக்காமல் விட்டாலோ நாளைக்கு வேறு யாராவது படிப்பார்கள். சார் பேப்பரை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே டீக்கடையில் ஆட்கள் சேருகிற சத்தம் கேட்டது. இன்றைக்கு எத்தனை பேருக்குத் தையல் போட வேண்டியிருக்கும், எத்தனை பேருக்குத் தையலே தேவைப்படாமல் போகும் என்று நினைத்துக்கொண்டே நூலை எண்ணி எடுத்து வைத்தேன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். எந்தக் கரைவலைக்கு எந்தக் கரை என்று வருஷா வருஷம் கோயில் வாசலில் திருவுளச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பாறையும் பாசியுமான கரை விழுந்தவன்கூட வாயைத் திறக்க மாட்டான். சீட்டு ஆண்டவர் கை. அதில் ஜெயித்தவனுக்குப் பெருமை இல்லை, தோற்றவனுக்கு அவமானமும் இல்லை.

"சீட்டுப் போட்டதாப் படிச்சிருங்க சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னது?"

"ரெண்டு பேருக்கும் ஓட்டு சமமா விழுந்துச்சு, சீட்டுப் போட்டாங்க, இளைஞருக்கு விழுந்துச்சுன்னு படிங்க. ஒரு பய கேக்க மாட்டான்."

ஆமாம், நான்தான் சொன்னேன். பயத்தில் பிறந்த யோசனை. அதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்றைக்கு அவர் படித்தது போல அதற்கு முன் ஒருநாளும் படித்ததில்லை. இருவருக்கும் சமமான ஓட்டாம். நாடே திகைத்ததாம். கடைசியில் பெரிய கோயில் வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்றைச் சீட்டெடுக்கச் சொன்னார்களாம். பிள்ளையின் சட்டை நிறம்வரை சொன்னார் மனுஷன். நான் வேலிக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மேலத்தெருப் பெரியவரின் குரல்: "சீட்டுல விழுந்துச்சா? அப்பச் சரி. அதுக்கு மேல என்ன பேச்சு?" கீழத்தெருவுக்கும் சீட்டுக்கு மேளம் அடித்துப் பழக்கமில்லை. மேளக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த வாரக் கடைசியில் அறுந்த வலையைப் பின்ன கீழத்தெருவிலிருந்து நாலு பேர் வந்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பதினோரு நாள் நன்றாகத் தூங்கினேன். பன்னிரண்டாம் நாள் ஏஜெண்ட் வந்தார். இறால் விலையைக் குறைத்தார். நம்ம ஆள் வந்தால் ஏறும் என்றீர்களே என்று கீழத்தெருவில் சண்டைக்குப் போனார்கள். பேச்சு முற்றி, "என்ன இருந்தாலும் சீட்டுல வந்தவருதான, அவரு பேச்சு எடுபடாதுபோல" என்று யாரோ சொல்ல, ஏஜெண்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "ஏலே, எவம்லே சொன்னான் சீட்டுன்னு?" பெட்டிக்கு அடியில் ஐஸ் ஒழுகாமல் இருக்க விரித்திருந்த பழைய பேப்பரை உருவிப் படித்துக் காட்டினார்.

காலை பதினோரு மணி இருக்கும். மருந்தக வாசலில் மணலை மிதித்துக்கொண்டு வருகிற காலடிகள். இரண்டு தெருவும் சேர்ந்து வந்தது. ஜெயித்ததைக் கம்பவுண்டர் சீட்டாக்கிவிட்டான் என்று கீழத்தெருவுக்கு ஆத்திரம், பொய்யை நம்பி வலையறுத்ததை மன்னித்துவிட்டோமே என்று மேலத்தெருவுக்கு. ஆண்டவர் சீட்டிலேயே விளையாடிவிட்டான் என்று இருவருக்கும். நான் பிரசவ அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கால்களே கொண்டுபோய் விட்டன.

சீசாக்கள் உடைந்தன. டிங்க்சர் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. "எந்தத் தெரு சொல்லிக் குடுத்துச்சு? சொல்லுறியா இல்லையா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அடி விழுகிற சத்தத்தை நான் எண்ணவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலாம். இரண்டு தெருவிலுமாக நாற்பது பிள்ளைகளைப் பூமிக்குக் கொண்டுவந்த கை இது, என்னை ஒருவேளை தொட்டிருக்க மாட்டார்கள். இதெல்லாம் இப்போது யோசிப்பது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் வாயைத் திறந்தால் அடுத்து உடைகிற கதவு என்னுடையது என்பதுதான். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். நான் வேதக்காரிகூட இல்லை. அவரை விட்டுவிட வேண்டும் என்று வேண்டவில்லை. அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

"யாரும் சொல்லல. எனக்காத் தோணுச்சு" என்றார். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் அதே பதில்.

ஊர்வலத்துக்குக் குளிப்பாட்டிய கழுதை இன்னும் ஊரில்தான் இருந்தது. அதன் மேல் அவரைப் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்தார்கள். முகத்தில் சுண்ணாம்பும் கரியும். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன், ஜன்னல் இடுக்கு வழியாக. பன்னிரண்டு நாளுக்கு முன்வரை ஒருவர் தெருவில் ஒருவர் கால்வைக்காத ஜனம் தோளோடு தோள் உரசிக்கொண்டு பின்னால் நடந்தது. மேலத்தெருப் பையன்களும் கீழத்தெருப் பையன்களும் சேர்ந்து கத்தினார்கள். தலை பிளந்தவரும் கை வெட்டுப்பட்டவரும், நாங்கள் போட்ட தையலோடு, பக்கத்தில் பக்கத்தில் போனார்கள்.

ஜன்னலைக் கடக்கும்போது அவர் கண் என் கண்ணில் பட்டது. பட்டவுடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அது கோபத்தில் திருப்பியதல்ல. அவர் பார்க்கிற திசையை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று திருப்பினார். அதற்குப் பிறகு அந்த ஊரில் கடைசி வீடு வரை அவர் மணலை மட்டுமே பார்த்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே ராமநாதபுரம் போய்விட்டார். மாற்றல் வாங்கிக்கொண்டார் என்று கேள்வி. நான் கடிதம் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை. ஊர் சமாதானமாகிவிட்டது. அடுத்த வருஷம் கோயில் வாசலில் எல்லோரும் சேர்ந்து சீட்டுப் போட்டார்கள். எனக்கு நர்சம்மா என்ற மரியாதை குறையவே இல்லை, அந்த மரியாதையோடு இன்னும் மூன்று வருஷம் அங்கே இருந்தேன்.

இப்போது என் இரண்டு மகன்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஒருவன் யானை, ஒருவன் கழுதை. விலைவாசியில் ஆரம்பித்த பேச்சு முற்றி, போன தேர்தலோடு இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் போய்விட்டது. அண்ணன் பிள்ளைகளைத் தம்பி பார்த்து ஒரு வருஷமாகிறது. "அவன் ஆளுங்க கையில துப்பாக்கியோட திரியுறானுக அம்மா" என்கிறான் ஒருவன். "நாட்டையே வித்துருவானுக" என்கிறான் மற்றவன். அந்தக் குரல் எனக்குத் தெரியும். மேலத்தெருவில் அரிவாள் தீட்டிய காலையில் கேட்ட குரல்தான், படித்த வாயிலிருந்து வருகிறது. போனைக் காதில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியவன் பேசும்போது, தம்பி உன்னை விசாரித்தான் என்கிறேன். புதன்கிழமை சின்னவனிடம், அண்ணன் உன் உடம்பைப் பற்றிக் கேட்டான் என்கிறேன். இருவருமே கேட்டதில்லை. இருவரும் "அப்படியா?" என்கிறார்கள். போன வாரம் சின்னவன், "அண்ணனுக்கு போன் போடட்டுமாம்மா?" என்று கேட்டான். போடு என்றேன். போட்டால் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேட்பார்கள், யார் இப்படிச் சொல்லச் சொன்னது என்று. நான்தான் என்று சொல்ல வேண்டும். எண்பத்தேழு வயதில் ஒரு தடவையாவது அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.