பதினோராவது பாட்டு

மகள் அந்த ஆல்பத்தை அனுப்பியது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அன்றுதான் அது வெளியாகியிருந்தது. இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், கிட்டார், டிரம்ஸ், அவர்களுடைய முதல் ஆல்பம். ஒரு மதுக்கடையின் மூலையில் இருபது பேருக்கு வாசித்துக்கொண்டிருந்த காலத்திலிருந்தே மகள் அவர்களைக் கேட்டு வருகிறாள். அந்த நாட்டுக்குப் படிக்கப் போனவள், படிப்பு முடிந்து அங்கேயே வேலையில் இருந்தாள். ஆவணியில் விசா முடியும், வந்துவிடுவாள் என்று நானும் கணவரும் காத்திருந்தோம்.

'கடைசிப் பாட்டை மட்டும் விட்டுடாதம்மா' என்று சேர்த்து எழுதியிருந்தாள்.

கடத்தூர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். படித்ததையும் கேட்டதையும் தேதி போட்டு எழுதிவைப்பது பழக்கம். அவர்களின் உச்சரிப்பு பிடிபடாததால், பாடல் வரிகளைப் படித்துக்கொண்டே இரண்டு நாள் கேட்டேன். பதினொரு பாட்டுக்கும் எண் போட்டுக் குறிப்பு எழுதினேன். பாதிக்கு மேல் இரைச்சல்தான். ஆனால் கடைசியாக வந்த பாட்டில் இரைச்சல் அடங்கி, ஒருவன் ரயிலை விட்டிறங்கி மழையில் வீட்டுக்கு நடந்து வருகிறான். எனக்கு நிம்மதியாக இருந்தது. மகளின் மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொன்னேன்.

ஞாயிறு மதியம் மகள் பேசினாள். கடைசிப் பாட்டு எப்படி என்று கேட்டாள். ரயில் பாட்டைச் சொன்னேன்.

"அது மொத பாட்டும்மா. காசு கட்டாத ஆப்புல பாட்ட வரிச கலைச்சுக் கலைச்சுத்தான் போடும்." சிரித்தாள். "வாரத்துக்கு ஒருக்கா நானும் அப்பாவும் பீரோவ கலைச்சாலே திட்டுவ. உனக்கே வரிச மாறிருச்சா?"

"அப்ப கடைசி எது?"

பாட்டின் பெயரைச் சொன்னாள். இரண்டாவதாக நான் கேட்ட பாட்டுதான் அது: வாடகை அறையின் சாவியை வாங்கிய ஒருத்தி தன் பெயரைக் கதவில் ஒட்டுகிறாள். சாவி பற்றிய வேடிக்கைப் பாட்டு என்று குறித்திருந்தேன்.

"அவ ஊருக்குத் திரும்பலியா?" என்றேன்.

"இல்லம்மா. எனக்கும் இங்க வேலைய நிரந்தரம் பண்ணிட்டாங்க. நான் சரின்னுட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

பாட்டிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். நான் அதைத் தலைகீழாகக் கேட்டிருக்கிறேன். கோபம் வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். அப்பாவிடம் நீயே சொல்லும்மா என்றாள்.

கணவர் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். மண்வெட்டியால் மடையைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"லீவு எப்ப குடுப்பாங்களாம்?"

"அதக் கேக்கலிங்க."

"எல்லாத்துக்கும் தேதி எழுதற நீயா கேக்கல?" என்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போனை நீட்டச் சொன்னார்.